லிப்டுக்கு இறங்கும் பாடம்

மருதம் அடுக்ககத்தின் புது லிப்டுக்கு ஏறத்தான் தெரியும். இறங்குவதற்கான பாடத்தை இனிமேல்தான் எழுத வேண்டும். படிக்கட்டுக்கும் பயிற்சி முடியவில்லை. ஆகவே, திறப்பு விழாவன்று ஆசையாய் ஏறிப்போன தண்டபாணி ஆறாம் மாடியில் தன் வீட்டிலேயே இருந்தார். லிப்டும் அங்கேயே நின்றது.

கீழே அவர் மனைவி பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று சாயங்காலம் மகளுக்கு நிச்சயம். தட்டு மாற்ற அப்பா வேண்டாமா? நல்லவேளை, லிப்டுகளுக்குப் பாடம் அமைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில்.

லிப்ட் கம்பெனி எஞ்சினியர் எட்வின் ஒரு மூட்டைக் காகிதத்தோடு வந்தார். "இரும்பு உருக்குனதுலேர்ந்து ஆரம்பிக்கணும் மேடம். ஒண்ணையும் விட்டுறக் கூடாது."

"அத்தனையும் படிச்சு அது எஞ்சினியராவா போகுது? பாடம் முடிஞ்சா என்ன செய்யோணும், அதை மட்டும் சொல்லுங்க."

எட்வின் யோசித்தார். "மேல இருக்கறதைக் கீழ கொண்டாரணும்."

"அவ்வளவுதானுங்களே!"

அதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டு மூட்டையை ஓரங்கட்டினாள். கற்கிறவரைக் கேட்காமல் அவள் பாடம் அமைத்ததே இல்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, "சாமி, இறங்க என்ன தயக்கம்?" என்றாள்.

கீழே இருட்டு என்றது லிப்ட்.

குழிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். முதலில் ஒரு விரற்கடை இறங்கச் சொன்னாள். இறங்கியது. மெச்சினாள். அப்புறம் ஒரு சாண். அதற்குப் பயந்து மேலே எகிறிவிட்டது. அவள் அதட்டவில்லை, அந்தச் சாணையும் இரண்டாக உடைத்துக் கொடுத்தாள்.

"ஏம்புள்ள, என்னைய வெச்சா பரிட்சை?" இதற்குள் வீட்டிலிருந்து வந்து லிப்டுக்குள் ஏறி நின்றிருந்த தண்டபாணி கத்தினார்.

"பேசாம நில்லுங்க! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தெருமுக்குக்கு வந்துட்டாங்களாமா!" மறுபடி கதவிடுக்கில் வாயை வைத்து லிப்டை அழைத்தாள். "எங்க, கண்ணு, இப்ப முழுசா வா!"

வந்தது. கதவு திறந்தது. பட்டு வேட்டியில் தண்டபாணி நின்றார். அவருக்குப் பின்னால் கூடம், ஊஞ்சல், அடுக்களை, எதிர்வீட்டு டீச்சரம்மா, அவர் அடுப்பில் கத்திக்கொண்டிருந்த குக்கர் என்று ஆறாம் மாடி மொத்தமும் இறங்கி வந்திருந்தது.

"பாஸ்!" என்று லிப்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பூங்கோதை ஓடிப்போய்க் கூடத்தில் ஜமக்காளம் விரித்தாள்.

சம்பந்தியம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஐந்தாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே வானம் தெரிந்தது. ஒரு கொக்குக் கூட்டம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"நல்ல காத்தோட்டமான கட்டடமுங்க" என்றபடி தட்டை நீட்டினார்.