லாரி போல்ட்டும் ஆறங்குல ஆணியும்

அரியலூரில் சிமெண்டு லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் ஜெயசுதாவின் தார்ப்பாய்க் கடை இருக்கிறது. கணவன் கலையரசன் கனத்த துணியை இழுத்துப் பிடிப்பான், அவள் தைப்பாள். போன ஆடியில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது. அதற்குப் பின் அவள் கைகளில் பிடிப்பே இல்லாமல் போயிற்று. கத்தரிக்கோல் நழுவியது. ஓரத்து வளையங்களை அடிக்கும் சுத்தியல் கால்மேல் விழுந்தது. கண்ணுக்கு வராத துக்கம் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

எறையூரில் கரும்பு போட்டிருக்கும் அண்ணன் வேல்முருகன் வாராவாரம் வந்து ஒரே பல்லவியைப் பாடினார். "கடைய வித்துட்டு எங்க வூட்டோட வந்துடு, சுதா. கையில வலுவில்லாதவளுக்கு லாரித் தார்ப்பாய் எதுக்கு?"

ஒரு வாரம் அவர் வருவதற்கு முன்புதான் நந்தினி என்ற லாரிக்காரி, தன் தார்ப்பாய் தைத்து முடியும்வரை பொழுது போகாமல், பையிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்து வெறுங்கையால் கொண்டை ஊசி போல வளைத்துப் போட்டிருந்தாள். பெரம்பலூர் ஜிம்மில் பழகினாளாம், வெறும் பொழுதுபோக்குதானாம். ஜெயசுதா அண்ணனிடம் அதைச் சொல்லி, நானும் பழகப் போகிறேன் என்றாள். அண்ணன் சிரித்தார். புழுதியில் கிடந்த ஒரு லாரி போல்ட்டைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

"இத வளைச்சுக் காட்டு. காணும் பொங்கலுக்குள்ள வளைச்சுட்டா, அப்பறம் கடைப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலன்னா மூட்டையக் கட்டிடணும்."

ரோசத்தில் அவள் தலையாட்டிவிட்டாள்.

ஐப்பசி முழுக்க அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டினாள். முந்தானையைச் சுற்றிப் பிடித்து, மூச்சைப் பிடித்து, வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மணிக்கட்டு வீங்கி, ஊசியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. போல்ட் மட்டும் கல்லுப் பிள்ளையாராக அசையாமல் இருந்தது. அண்ணன் சொன்னது சரிதானோ, நம் கை அவ்வளவுதானோ என்று மனம் விட்டுப்போயிற்று. எறையூருக்குப் போக எந்தப் பெட்டியை எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அடுத்த முறை வந்த நந்தினி அவள் கைக்கட்டைப் பார்த்துக் கதையைக் கேட்டாள். பிறகு லாரியிலிருந்து ஓர் அரத்தை எடுத்துவந்து போல்ட்டின்மேல் தேய்த்தாள். கண்ணாடியில் தேய்த்தது போல அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று; ஒரு கீறல் விழவில்லை.

"அக்கா, இது லாரிக்கு அடியில வில்லுப் பட்டைய இறுக்குற போல்ட்டு. சூடு காட்டிப் பதம் ஏத்துன இரும்பு, அதான் அரம் கடிக்கல. இத நானும் வளைக்க மாட்டேன், எங்க ஜிம்முல திரியுற எருமக்கடாவுங்களும் வளைக்காது. தப்பித்தவறி ஒடிஞ்சா தெறிக்கும். கண்ணு போனா எதால பாத்துத் தைப்பீங்க?"

ஒரு மாதமாகத் தோற்றது தன் கையல்ல என்று தெரிந்ததும் ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆடிக்குப் பின் அவள் சிரித்த முதல் சிரிப்பு.

வீக்கம் வடியும்வரை நந்தினி அவளை எதையும் தொடவிடவில்லை. அப்புறம் ஞாயிறுதோறும் பெரம்பலூர் பஸ். முதலில் பதமேற்றாத மெல்லிய கம்பி. அதையும் நீளமாகத்தான் வெட்டித் தந்தாள், நீளம் குறையக் குறைய வளைப்பது கடினம் என்பதால். கம்பியின் இரு முனையிலும் தடிமனாகத் துணி சுற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, முழங்கையை விலாவோடு ஒட்டி நிதானமாக அழுத்த வேண்டும். ஒரு நாள் வளைத்தால் இரண்டு மூன்று நாள் கைக்கு ஓய்வு. மணிக்கட்டில் சுருக்கென்றால் அன்றைக்கு அதோடு சரி. சுற்றுவதற்குத் துணி மட்டும் ஜெயசுதாவின் ஏற்பாடு. லாரித் தார்ப்பாயில் வெட்டிய கேன்வாஸ் துண்டைவிட உறுதியான துணி ஜிம்மில் யாரிடமும் இல்லை. முதல் கம்பி மடங்கியபோது, அது ஏதோ தானாக மடங்கியதென்று நினைத்து அவள் இன்னொன்று கேட்டாள்.

போல்ட் சமாசாரத்தை அண்ணனிடம் சொன்னபோது, சாக்குச் சொல்கிறாள் என்றார். நேரில் வந்தார். டிரைவர்கள் பார்க்க, தோள்துண்டைச் சுற்றிக்கொண்டு தானே முயன்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்ததுதான் மிச்சம். கையை உதறிக்கொண்டே, சரி, போல்ட்டுக்குப் பதில் ஆறங்குல ஆணி, அதையும் நானே வாங்கி வருவேன், கெடு மட்டும் மாறாது என்றார்.

காணும் பொங்கலன்று சொன்னபடி வந்தார். சுண்டுவிரல் மொத்தத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான ஆணி. நந்தினி அதில் அரத்தை வைத்துப் பார்த்தாள், கீறல் விழுந்தது. கூர்முனையை ரம்பத்தால் அறுத்தெடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்த டிரைவர்களைப் பின்னுக்குத் தள்ளி நிற்கவைத்தாள்.

ஜெயசுதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் சுற்றிய ஆணியை நெஞ்சுக்கு நேரே பிடித்து அழுத்தினாள். அசையவில்லை.

"யக்கா, அதுக்கும் பொங்கல் லீவு போல," என்றார் டிரைவர் செல்லக்கண்ணு. சிரிப்பு எழுந்தது. அண்ணன் சிரிக்கவில்லை, பெட்டி கட்டியாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்கக் கை துடித்தது. அவள் ஆணியைக் கீழே வைத்தாள். கைகளைத் தொங்கவிட்டு, மூச்சு சமனாகும்வரை நின்றாள். மறுபடி எடுத்து, கட்டைவிரல்களை நடுவில் ஊன்றி, நிதானமாக அழுத்திக்கொண்டே போனாள். விரலுக்கடியில் இரும்பு மெல்ல இளகியது. ஒரு நூலளவு. அப்புறம் ஓர் அங்குலம். பிறகு அவள் விடவில்லை. இரு கைகளையும் கோத்து நெரித்தாள். முனையும் முனையும் நெருங்கி வந்து, ஆணி மடங்கி நின்றது.

செல்லக்கண்ணுதான் முதலில் விசிலடித்தார். வரிசையில் நின்ற லாரிகளின் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின.

வேல்முருகன் நம்பாமல் துணியைப் பிரித்து, ஆணியின் வளைந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த வேகத்தில் கீழே போட்டார். வளைத்த இரும்பு அந்த இடத்தில் கொதித்துக் கிடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"சரி சுதா. இனிமே கடைப் பேச்சே கெடையாது." குரலைத் தாழ்த்தினார். "நான் பழவணும்னா எதுலேருந்து தொடங்கணும்?"

"கரும்பு வெட்டுற கைன்னு நேரா ஆணிக்குப் போயிடாதீங்கண்ணே," என்றாள் ஜெயசுதா, கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டியபடி. "மொதல்ல இதப் போடுங்க. மெல்லிசுக் கம்பி எடுத்தாரேன்."