சைரனுக்குச் சீயக்காய்

ஆற்றங்கரை நகர் குடியிருப்போர் சங்கத்துக்குத் தில்லைநாயகம் தலைவராகி ஒன்பது வருடம். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்; குரல் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. தாமிரபரணி வீடுகளுக்குள் வந்துபோன டிசம்பருக்குப் பிறகு, கரண்ட் இல்லாவிட்டாலும் கையால் சுற்றி ஊரை எழுப்புகிற சைரன் ஒன்றை, ராணுவத்துக்கு மிஞ்சிய சாமான்களின் ஏலத்தில் எடுத்து வந்தார்.

"ஞாயிறு காலை எட்டு மணிக்கு இது ஊதும். ஊதாவிட்டால் அந்த இடத்திலேயே பதவி விலகுவேன்" என்று கூட்டத்தில் முழங்கினார். துணைத்தலைவர் ஜெபகனி அந்த ஒரு வரியை மட்டும் முத்து முத்தாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தால் சைரனைக் காணோம். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் அப்பிய கிரீஸ்தான் இருந்தது, உளுந்தங்களிப் பதத்தில். பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் எபனேசர் வந்து, விரலால் ஓர் இழுப்பு இழுத்து முகர்ந்து பார்த்தான்.

"மூடியக் கழத்தி, உள்ள இருக்க விசிறிய மண்ணெண்ணெய்ல ஊறப்போடணும் அண்ணாச்சி. ரெண்டு நாளாவும்."

"ராணுவத்துல முறுக்குன திருகுலே இது. நீ கழத்துவியோ?"

"அப்போ வெளிய தொடைச்சுப் பொட்டு வச்சுக் கும்பிடுங்க" என்று எபனேசர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும் தில்லைநாயகம் குடும்பத்துக்கு ஒரே வைத்தியம்தான். மனைவி பாலம்மாள் அரைத்து வைத்திருந்த சீயக்காய்த் தூளில் ஒன்றரை கிலோவை அவர் சைரனின் துவாரங்கள் வழியே தட்டித் தட்டி இறக்கினார்.

"வருசத்துக்குள்ளதப் பூராம் கொட்டிட்டீயளே! அதுக்குச் சடை பின்னப் போறீயளோ?"

"கிரீஸைத் தூள் குடிச்சிரும். ஒனக்கு என்ன தெரியும்?"

"தேய்ச்சா அலசணும்னு தெரியும்."

"தண்ணி பட்டா துருப்பிடிக்கும்ட்டி!"

வெளிப்பக்கத்தை வெயிலில் வைத்து, உருகியதைப் பழைய வேட்டியால் துடைத்தார். பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாற்பது நாற்காலிகள். முன்வரிசையில் ஜெபகனி, மடியில் தீர்மானப் புத்தகத்தோடும் மூடி கழற்றிய பேனாவோடும் தயாராக இருந்தார். தில்லைநாயகம் பேரிடர் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, சரியாக எட்டு மணிக்குக் கைப்பிடியைப் பிடித்தார். நகரவில்லை. மூச்சைப் பிடித்து உந்தினார். முனகியது. இன்னும் ஒரு தம். உள்ளே விசிறி சட்டென்று விடுபட்டுச் சுழன்றது.

சத்தம் வரவில்லை. காற்று வந்தது. காற்றோடு சீயக்காய் வந்தது.

முன்வரிசை மொத்தமும் தும்மியது. "ஐயோ, கண்ணு!" என்ற கூச்சலுக்கு நடுவே நாற்காலிகள் சரிந்தன, சனம் ஆளுக்கொரு குழாயைத் தேடிப் பறந்தது. தூள் தன் பக்கம் வராததால் தில்லைநாயகம் சுற்றுவதை நிறுத்தவே இல்லை.

கடைசியில் ஜெபகனி மட்டும் கண்ணை மூடியபடி தடவித் தடவி வந்தார். "ஊதலியேவே! ராஜினாமாவ எழுதும்!"

தில்லைநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சைரன் எதுக்குவே? சனம் எடத்தக் காலி பண்ணுததுக்கு. நாப்பது செகண்டுல ஒரு ஆள் இல்ல. ஒத்திகை வெற்றின்னு எழுதும்."

"எங்கன எழுத? கண்ணத் தொறக்க முடியலவே!"

"அப்போ இங்கன குடும்."

புத்தகத்தை வாங்கி, தலைவர் பதவியில் தொடர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டதாக அவரே எழுதினார். ஜெபகனி அடுத்தடுத்து இரண்டு முறை தும்மினார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்ற இரண்டு இடங்களிலும் தில்லைநாயகம் ஜெபகனியின் பெயரையே போட்டார்.