முப்பத்தோராவது நிமிடம்

அப்பாவின் போனை அண்ணன் அவளிடம் நீட்டினான்.

"நம்பர் கேக்குது. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அவரும் அவளும் பார்க்கும் தொடரில் வரும் கப்பலின் பதிவு எண், நான்கு இலக்கம். வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனே திறந்து பார்ப்பான். அதனால் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கை நடுங்கியது. அப்பா செத்த மறுநாள் காலையில் மகளுக்குக் கை நடுங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வசதி இருந்தது.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரும். அதற்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள், பழைய கட்டடங்களின் வாட்ச்மேன்கள் என்று அத்தனை பேரும் அந்தப் போனுக்குள்தான் இருந்தார்கள்.

எண்ணை அழுத்தினாள். அப்பா கடைசியாகத் திறந்த பக்கமே வந்து நின்றது. அவர் செய்த அழைப்புகளின் பட்டியல். அவள் மறைப்பதற்குள் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டான்.

கேப்டன், 2.38. கேப்டன், 2.41. கேப்டன், 2.55.

கேப்டன் அவள்தான்.

"உனக்கு மூணு வாட்டி அடிச்சிருக்காரு. எனக்கு ஒண்ணு கூட இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தவன் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு கேட்டான். "நீ எடுத்தியா?"

"ஒவ்வொண்ணும் ஒரு ரிங்தான்ணா. எங்க ரூலுதான் உனக்குத் தெரியுமே."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரூல் அது. விண்வெளியில் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு பழைய கப்பல், அதில் பதினொரு பேர். அந்தத் தொடரை அப்பாவும் மகளும் நான்கு வருஷமாகப் பார்த்துவந்தார்கள். வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக்குப் புது எபிசோடு வரும். அப்பா சாப்பிட்டுவிட்டு வீட்டில் பார்ப்பார். அவள் கண்ணாடி லென்ஸ் அறுக்கும் பட்டறையில் வேலை முடிந்து ஆறு மணிக்குமேல்தான் பார்ப்பாள். முதலில் முடித்தவர் மற்றவருக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். 'நான் பார்த்துட்டேன், நீ சீக்கிரம் வா' என்று அர்த்தம். இன்னும் பார்க்காதவர் போனை எடுக்கக் கூடாது, திருப்பியும் கூப்பிடக் கூடாது. எடுத்தால் கதை வெளியே வந்துவிடும். அப்பாவுக்கு வாய் நிற்காது. ரூல் போட்டவரும் அவர்தான்.

அண்ணன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மாலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகியது.

"அப்ப பாத்து முடிச்சிருக்காரு. ரொம்பப் பிடிச்சிருக்கும் போல. மூணு வாட்டி விட்டிருக்காரு பாரு."



அவன் அதைப் போய் அண்ணியிடம் சொன்னான். அண்ணி போனில் அத்தையிடம் சொன்னாள். அத்தை யார் யாரிடம் சொன்னாளோ, பத்து மணிக்குள் அது ஒரு கதையாகிவிட்டது. மனுஷன் ஆசைப்பட்டதை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார், மகளுக்குச் சந்தோஷமாகச் சொல்லியனுப்பினார், தண்ணீர் குடிக்க எழுந்தார், போய்விட்டார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அப்படி. ஆறுதல் சொல்ல வந்த எதிர்வீட்டுக்காரர் அந்தக் கதையை அவளுக்கே திருப்பிச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

2.38-க்கு அவள் மெஷினில் ஒரு லென்ஸைப் பிடித்திருந்தாள். ஏப்ரன் பைக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. சிரித்துக்கொண்டாள். மூன்று நிமிஷத்தில் மறுபடியும். மூன்றாவது தடவை பக்கத்து மெஷின்காரி, என்னதான் இருக்கும், ஒருவாட்டி எடுத்துத்தான் பாரேன் என்றாள். எடுத்தால் கதையை உடைத்துவிடுவார், அப்பா துள்ளுகிறார் என்று இவள் பதில் சொன்னாள். அந்த வார்த்தையைச் சொன்ன நேரத்தில் அப்பா சமையலறைத் தரையில் கிடந்திருக்கலாம். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது நாலேகால். மூன்று மணிக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டூட்டி டாக்டர் சொன்னார். ஐந்தே முக்காலுக்கு உயிர் போனது.

முழுசாகப் பார்த்து முடித்தாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வி நேற்று ஐந்தே முக்காலிலிருந்து அவளை விடவில்லை. முடித்திருந்தால் அந்த மூன்று ரிங்கும் வழக்கமான ரிங். முடிக்கவில்லை என்றால் அவை வேறு. கீழே விழுந்த மனுஷன், பட்டியலில் முதலில் இருந்த பெயரைத் தட்டியிருக்கிறார். ஒரு ரிங்குக்குமேல் போனைப் பிடிக்க முடியவில்லை.

பதில் தெரிய ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. தொடர் வரும் ஆப்பில் இருவருக்கும் ஒரே கணக்கு, அதில் ஆளுக்கொரு பெயர். அவர் பெயருக்குள் போனால் எதுவரை பார்த்தார் என்று சிவப்புக் கோடு காட்டும். அவள் போனிலேயே பார்க்கலாம். எத்தனை தடவை கையில் எடுத்தாளோ. எடுத்தபோதெல்லாம் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். அழுகைகூட வரவில்லை. பயந்தவளுக்கு அழ எங்கே நேரம்.

அந்தத் தொடரில் அப்பாவுக்குப் பிடித்தவர் இயந்திர அறைக் கிழவர். அவரை 'நம்மாளு' என்பார். கணக்கில் தன் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு எபிசோடில் கிழவர் செத்துப்போனார். கப்பலில் தீ. மணி அடித்த பிறகு எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்பது விதி. சிக்னல் பார்க்கும் சின்னப்பெண் கதவை மூடிவிட்டாள். கிழவர் அந்தப் பக்கம். தட்டினார். அவள் திறக்கவில்லை.

நடுவில் ஆள் இருந்தால் திரும்பத் திறக்காத கதவை வைத்து எவன் கப்பல் ஓட்டுகிறான் என்று அப்பா தொடர் எடுத்த கம்பெனிக்கு ரெண்டு பக்கம் கடிதம் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு என்ன தெரியும், விதிப்படி மூடினாள், தப்பு கதவு செய்தவன் மேல் என்பார். சண்டை போட்டது மகள்தான். திறந்திருக்க வேண்டும், தட்டுகிற சத்தம் கேட்டது அல்லவா, அவளை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று ரெண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று வந்த எபிசோடில் கப்பல் வேறொரு காலத்துக்குள் நுழைகிறது, அங்கே கிழவர் சாகவே இல்லை என்று முன்னோட்டத்தில் காட்டியிருந்தார்கள். மூன்று வாரமாக அப்பா நாள் எண்ணினார்.

"டிவிய உள்ள வச்சிரலாம்" என்று அண்ணன் வந்தான். "அந்தப் பக்கம் பிடி."

இருவரும் குனிந்து தூக்கினார்கள். கீழ் விளிம்பில் அவன் விரல் எங்கேயோ அழுந்தியது. திரை விழித்துக்கொண்டது.

'தொடர்ந்து பார்க்க' என்ற எழுத்துக்குக் கீழே நேற்றைய எபிசோடின் படம். படத்தின் அடியில் சிவப்புக் கோடு முக்கால் தூரத்துக்கும் குறைவாகவே போய் நின்றிருந்தது. 31 நிமிடம். மொத்தம் 48.

அவள் பக்கம் டிவி கீழே இறங்கியது. 

"பாத்துடி, சாயுது." அவன் டிவியை மறுபடி மேசையிலேயே இறக்கினான். திரையைப் பார்த்தான். அவன் இந்த மாதிரி எதையும் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் கேட்டான். "இது ஏன் நடுவுல நிக்குது?"

"நான் பாத்தது" என்றாள். "நேத்து... பாதி பாத்தேன். என் போன்ல."

வாயிலிருந்து தானாக வந்தது. திரையின் மூலையில் 'நம்மாளு' என்று அவர் பெயர் எழுதியிருந்தது. அவன் அதைப் படித்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கமாகக் கண் போய்த் திரும்பியதுபோல இருந்தது.

அவள் ரிமோட்டை எடுத்தாள். அப்பாவுக்காக என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கோடு நிறைய வேண்டும். கடைசிவரைக்கும் ஓட்டிவிட்டிருக்கலாம், பத்து நொடி வேலை. கை போகவில்லை. அழுத்தினாள். முப்பத்தோராவது நிமிடத்திலிருந்து படம் ஓடத் தொடங்கியது.

அண்ணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உடம்பு வர்ற நேரத்துல டிவியா?"

"விடு" என்றான் அண்ணன். "அது அவங்க ரெண்டு பேரு சமாசாரம்."

சொல்லிவிட்டு அவனும் காலியான தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான்கு வருஷத்தில் முதல்முறை. இயந்திர அறையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயில் எதையோ முடுக்கினார். சின்னப்பெண் வாசலில் மறைவாக நின்று பார்த்தாள். அவர் திரும்பினார். கிழவர்.

அப்பா முதுகைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். முகத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார். நல்ல இடம் வந்தால் நிறுத்திவைப்பது அவர் பழக்கம். லட்டை உடனே வாயில் போடக் கூடாது என்பார்.

"இவரு செத்துட்டாருன்னு அப்பா ஒரு நாள் சாப்பிடலையே?" அண்ணன் கேட்டான்.

"இது வேற காலம்ணா. இங்க அவ கதவத் திறந்துட்டா."

"திறந்து?"

அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். திறந்ததற்கு ஏதாவது விலை இருக்கும். தீ உள்ளே வந்திருக்கும், வேறு நான்கு பேர் செத்திருப்பார்கள், கப்பல் பாதியாக நிற்கும். அப்படி ஏதாவது இருந்தால் போதும். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நிமிஷங்கள் போயின. பழைய தீயைக் காட்டினார்கள். மணி அடித்தது. கிழவர் தட்டினார். அந்தக் காலத்துப் பெண் கதவைத் திறந்தாள், சட்டையைப் பிடித்து அவரை இழுத்தாள், கதவை மூடினாள். நான்கு நொடி. ஒன்றும் ஆகவில்லை. யாரும் சாகவில்லை. கிழவர் இருமினார், அவளைத் திட்டினார், தண்ணீர் கேட்டார். பதினொரு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் கதை. இந்தக் காலத்துப் பெண் அந்தச் சாப்பாட்டு மேசையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். தன் கப்பலுக்குத் திரும்பிப் போகும் வழி மூடிக்கொண்டிருந்தது. அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவள் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

 மகள் முட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு மேலதான் தப்பா?" அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா இல்லம்பாரு."

"நீ என்ன சொல்லுவ?"

  பெயர்கள் மேலே ஏறின. அவள் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிப் பெயர் வரைக்கும். திரை பழைய இடத்துக்குத் திரும்பியது. படத்தின் அடியில் சிவப்புக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறைந்திருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுது."

அவன் எழுந்தான். ஒயரைப் பிடுங்கினான். டிவியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் சுவரைப் பார்க்க வைத்தான், திரும்பி வந்து மேசையையும் எடுத்துப் போனான். திறக்கும் நம்பரைக் கேட்டுக்கொண்டு அப்பாவின் போனை அவளிடமிருந்து வாங்கினான், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். தெருமுனையில் ஆஸ்பத்திரி வேனின் ஹாரன் கேட்டது. பின்பக்கமாக வரச் சொல்லி யாரோ வழி காட்டினார்கள். நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம். அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். மேசை இருந்த இடத்தில் நான்கு கால் தடமும் கொஞ்சம் தூசியும்.

கையிலிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. திரையில் அப்பா என்று வந்தது.

ஒரே ரிங். நின்றுவிட்டது.

 ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் அண்ணன் எதையோ சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். வீட்டுப் பக்கம் அவன் பார்க்கவில்லை. வேனின் பின்கதவைப் பிடித்துத் திறந்தான். அது பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து இழுத்தான்.

அவள் குனிந்து போனைப் பார்த்தாள். நேற்று அதில் மூன்று என்று இருந்தது.

எடுக்காத அழைப்புகள்: அப்பா (4).