பப்படம் பறந்த ஞாயிற்றுக்கிழமை

"இன்னைக்கு என்ன சமைச்சீங்க?"

"கோழி."

"வெந்துதா?"

லோனப்பன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "வெளியில வெந்துது."

"உள்ள?"

"உள்ள நாளைக்கு வெந்துரும்."

மறுமுனையில் மனைவி ரோசிலி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்குகிற வரைக்கும் லோனப்பனும் மூச்சு விடவில்லை.

அவள் சாலக்குடியில் அண்ணன் அந்தப்பன் வீட்டுக்குப் போய் இரண்டரை மாதம் ஆகிறது. கோபித்துக்கொண்டு போனவளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போனாள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஒரு நாள் அவள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது, ஒல்லூர் வீட்டில் லோனப்பன் மத்தி வறுக்கப்போனார். எண்ணெய் தீப்பிடித்தது. பிடித்த தீயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தீ கூரை வரைக்கும் எழும்பியது. அவருக்குப் புருவம் போனது, அவ்வளவுதான். ஆனால் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்த ரோசிலி அந்தப் புகை முழுவதையும் குடித்துவிட்டாள். ஏற்கெனவே இழுப்புக்காரி. மூன்று நாள் ஆக்சிஜன். இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது, எண்ணெய்ப் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னார்.

"அப்போ சமைக்கறது யாரு? இவனா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டார் அந்தப்பன். "இவன் கையில தீப்பெட்டி இருக்கற வரைக்கும் என் தங்கச்சி அந்த வீட்டுப் படி ஏற மாட்டா."

அதனால்தான் ஓணத் தள்ளுபடியில் ஏர் ஃப்ரையர் வந்தது. தீயில்லை, புகையில்லை, ஒரு கரண்டி எண்ணெய் போதும் என்று கடைக்காரன் சொன்னதைக் கேட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அண்ணன்கூட வரேன்" என்றாள் ரோசிலி. "உங்க கையால சோறு சாப்பிடறேன். பார்க்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டா இருந்துடறேன். இல்லேன்னா சாயங்காலம் அண்ணன் கார்லயே திரும்பிடுவேன். அப்புறம் நீங்க வா வான்னு கூப்பிடக்கூடாது."

"கூப்பிட மாட்டேன்."

"பொய்."

"பொய்தான். நீ வா."

ஞாயிறுக்கு மூன்றே நாள். கோழியோ தினமும் பாதி வேக்காட்டில் நிற்கிறது. மானத்தை விட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும், அவரை 'ஏட்டா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் ஷைனியைக் கூப்பிட்டார். அவள் வீட்டில் இந்த இயந்திரம் இரண்டு வருடமாக ஓடுகிறது.

ஷைனி சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "லோனப்பேட்டா! கேஸ் அடுப்பு மேலயா தூக்கி வச்சிருக்கீங்க?"

"அடுப்புதான் இனி எரியாதே. இடம் சும்மாத்தான கிடக்கு."

"யாராவது மறந்து திருகிட்டா? முதல்ல இறக்குங்க. மேடையில வைங்க. சுவத்தோட ஒட்டாதீங்க, பின்னாடி ஒரு சாண் விடணும். சூடு அந்த வழியாத்தான் வெளிய வரும். இந்த நீட்டு வயரும் வேண்டாம், பெரிய ப்ளக்ல நேரா சொருகுங்க. அட, ஈரக்கையோடயா? துடைங்க மனுஷா!"

லோனப்பன் வேட்டியில் கையைத் துடைத்தார். கோழித் துண்டுகளை ஒன்றோடொன்று ஏறாமல் கூடையில் பரப்பினார். மூடினார். இயந்திரம் மூச்சுவிடத் தொடங்கியது. பத்து நிமிஷத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். லோனப்பன் பாய்ந்துபோய்ச் சுவர் சுவிட்சை அணைத்தார்.

ஷைனி அவரையே பார்த்தாள். "எதுக்கு அணைச்சீங்க?"

"பெல் அடிச்சுதே."

"அடிச்சா?"

"சிங்கிள் பெல். நிறுத்தணும். டபிள் பெல் அடிச்சாத்தான் வண்டி எடுக்கணும். இருபத்தெட்டு வருஷம் நான் கண்டக்டரா இருந்தவன், எனக்கே பெல் சொல்லித் தரியா?"

ஷைனி மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது திருச்சூர்-குருவாயூர் வண்டி இல்ல, லோனப்பேட்டா! பாதி வழியில அடிக்கறது, கோழியத் திருப்பிப் போடுன்னு சொல்றதுக்கு. மூணு நாளா பாதி வழியிலயே எல்லாரையும் இறக்கி விட்டுட்டிருக்கீங்க!"

அவருக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. துண்டுகளைத் திருப்பிப் போட்டார். மறுபடி ஓடவிட்டார். முடிவில் ஐந்தாறு முறை அடித்து அதுவே நின்றது. லோனப்பன் கை பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போனது.

"பொறுங்க. உள்ள விசிறி ஓடற சத்தம் கேக்குதா? அது சூட்டை வெளிய தள்ளிட்டு தானா நிக்கும். அப்புறம் இந்தப் பொத்தான், அதுக்கப்புறம் சுவர் சுவிட்ச், கடைசியா ப்ளக். வயரப் பிடிச்சு இழுக்காதீங்க, ப்ளக்கோட தலையப் பிடிங்க. கூடைய எடுத்தா பலகை மேல வைங்க, சாப்பாட்டு மேசை விரிப்பு மேல வச்சா உருகிடும். சூட்டோட கழுவவும் கூடாது."

"புகை வந்தா?"

இதைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஷைனியும் சிரிப்பை நிறுத்தினாள்.

"வந்தா அணைங்க. திறக்காதீங்க. திறந்தா உள்ள காத்துப் போகும், புகைஞ்சது எரிய ஆரம்பிச்சிடும். தண்ணியப் பக்கத்துலயே கொண்டுபோகாதீங்க. ப்ளக்க எடுத்துட்டு, புகை அடங்கற வரைக்கும் சும்மா நில்லுங்க."

"சும்மா நிக்கணும்."

"அதான் கஷ்டம்" என்றாள் ஷைனி.

அன்று கோழி வெந்தது. வெள்ளியும் வெந்தது, சனியும் வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றபோது லோனப்பன் சட்டைக் காலர் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நின்றார். ரோசிலி மெலிந்திருந்தாள். வாசலில் நின்று ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சமையலறைக் கதவோரம் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள். அந்தப்பன் உட்காரவே இல்லை. மச்சானை வம்புக்கு இழுத்தார்.

"அளியா, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி வச்சிட்டியா?"

"நீ வந்துட்டியே அளியா, அதுக்கு மேல வண்டி எதுக்கு?"

"வாய் மட்டும் வெந்திருக்கு!"

லோனப்பன் ஷைனி சொன்ன வரிசையில் செய்தார். பாதியில் மணி அடித்தது. திருப்பினார். விசிறி நிற்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடை பலகைமேல் வந்து உட்கார்ந்தது. செக்கச்செவேலென்று கோழி. சோறு, ஷைனி கொடுத்தனுப்பிய மோர்க்குழம்பு, மாங்காய் ஊறுகாய். அந்தப்பனும் நின்றபடியே ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். ரோசிலி ஒரு துண்டைப் பிய்த்து உள்ளே பார்த்தாள். வாயில் போட்டாள். இரண்டாவது துண்டையும் எடுத்தாள். லோனப்பனுக்கு அதுவே பெருநாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "ஒரு பப்படமும் இருந்திருந்தா..."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். இரண்டரை மாதம் கழித்து மனைவி வாய்விட்டுக் கேட்கிறாள், அதுவும் ஒரு பப்படம். டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து எண்ணெய் தடவிக் கூடையில் போட்டு ஓடவிட்டார். இது ஷைனி சொல்லிக்கொடுத்த கணக்கில் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே படபடவென்று ஏதோ அடித்துக்கொண்டது, அறைக்குள் அகப்பட்ட குருவிபோல. அப்புறம் கருகல் வாடை. இயந்திரத்தின் பின்னாலிருந்து நூலாகப் புகை கிளம்பியது.

"தண்ணி! தண்ணி!" அந்தப்பன் சோற்றுக்கையோடு சொம்பைத் தூக்கினார்.

"அளியா, சொம்பக் கீழ வை."

கத்தவில்லை. நெரிசல் பஸ்ஸில், படியில் தொங்குகிறவனிடம் சொல்கிற குரல். அந்தப்பன் வைத்துவிட்டார்.

லோனப்பன் பொத்தானை அழுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு சுவர் சுவிட்சை அணைத்தார். ப்ளக்கின் தலையைப் பிடித்து எடுத்தார். "ரோசிலி, மாமரத்தடிக்கு நட. மெதுவா போ, ஓடாதே." ஜன்னல் இரண்டையும் திறந்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தெறந்து பாருடா!"

"மாட்டேன்."

"உள்ள எரியுதுடா!"

"எரிய காத்து வேணும். குடுக்க மாட்டேன்." அந்தப்பன் நீட்டிய கையைத் தட்டிவிட்டார். "கைய வச்சே, பொண்டாட்டியோட அண்ணன்னு பார்க்க மாட்டேன்."

நூல் மெலிந்தது. நின்றது. அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் நின்றார். அப்புறம்தான் கூடையை இழுத்தார். அதில் ஒரு பப்படம் மட்டும் சரிந்து நின்றது. மற்றது மேலே சூட்டுக்கம்பியில் ஒட்டிக் கரியாகி இருந்தது.

வெளியே வந்தார். ரோசிலி இரண்டு தரம் இன்ஹேலர் மருந்தை உறிஞ்சிவிட்டு மரத்தில் சாய்ந்திருந்தாள். இழுப்பு இல்லை.

"என்ன ஆச்சு?"

"பப்படம் காகிதம் மாதிரி லேசு. உள்ள அடிக்கற காத்து அதத் தூக்கிக் கம்பியில ஒட்டிடுச்சு. எனக்குத் தெரியல. யோசிக்காம போட்டேன். தப்பு என்னோடது."

அந்தப்பன் காரின் கதவைத் திறந்து பிடித்திருந்தார். "கேட்டாச்சுல்ல? அவனே ஒத்துக்கிட்டான். ஏறு, ரோசிலி."

லோனப்பன் தரையைப் பார்த்தார். கூப்பிடக்கூடாது என்று அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். அவர் கூப்பிடவில்லை.

"அண்ணா, டிக்கியத் திற" என்றாள் ரோசிலி.

"எதுக்கு?"

"என் பை இருக்கு. துணியெல்லாம் எடுத்துட்டுத்தான் வந்தேன். இறக்கறதா வேண்டாமான்னு இப்பதான் முடிவு பண்ணேன்."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் புகைய வச்சான்!"

"வச்சார். யார் வீட்டுல புகையாது? அன்னைக்குத் தண்ணி ஊத்தினதும் இதே மனுஷன்தான். இன்னைக்கு என்ன பண்ணார்னு நீ பார்த்தேல்ல? சொம்பத் தூக்கினது யாரு? எல்லாம் ஒழுங்கா நடந்திருந்தா சாயங்காலம் உன்கூட வந்திருப்பேன். ஒழுங்கா நடக்காதப்போ இவர் என்ன செய்வார்னுதானே எனக்குப் பயம்."

அந்தப்பன் முனகிக்கொண்டே பையை இறக்கிக் குறுக்கே நீட்டினார். "பிடிடா அளியா. கனமா இருக்கு, கால்ல போட்டுக்காதே."

லோனப்பன் வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, உள்ள வாங்க" என்றாள் ரோசிலி. "சாப்பாடு பாதியில நிக்குது. அந்தக் கோழிய ஒரு நிமிஷம் சூடு பண்ணுங்க."

"இப்ப முடியாது."

"என்ன?"

"கம்பியில கரி ஒட்டியிருக்கு. ஆறணும். ஆறினதும் துடைக்கணும். துடைக்காம ஓடவிட மாட்டேன். நீ கேட்டாலும் மாட்டேன், பாப்பரசர் வந்து கேட்டாலும் மாட்டேன்."

ரோசிலி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா, அண்ணா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் அந்தப்பன். "ஆறினதையே தின்னலாம், வாங்க. எனக்கு இன்னும் பசி அடங்கல."