ஒரு வாசலுக்கு இரண்டு காவல்

தலைமை நர்ஸ் பொத்தானை அமுக்கினார். சுவரில் மாட்டியிருந்த திரையில் பன்னிரண்டு போய்ப் பதின்மூன்று வந்தது. பெஞ்சுகளில் இருபது தலைகள் ஒன்றாக நிமிர்ந்து, கையிலிருந்த சீட்டைப் பார்த்து, மறுபடி குனிந்தன. நான் லேசாகச் சிரித்தேன். விரித்த துணியை வாங்க வந்தவர் கை தானாகத் தடவும்போது எங்கள் கடையில் அப்பா இந்த அளவுதான் சிரிப்பார். இதற்கு மேல் சிரித்தால் விலை இறங்கிவிடும் என்பது அவர் கொள்கை.

பதின்மூன்றாம் சீட்டுக்காரர் வரவில்லை. அதுவும் நல்லதுதான். இரண்டு நிமிடத்தில் ஆள் வராவிட்டால் திரைக்குக் கீழே மாட்டிய எங்கள் பெட்டியே மணியடித்துக் கூப்பிடும் என்று போன வாரம் இதே இடத்தில் நின்று அளந்துவிட்டுப் போனவன் நான். இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. மணி வாயே திறக்கவில்லை.

"என்ன தம்பி, மணிக்கு இன்னைக்கு லீவா?" என்றார் நர்ஸ். வருடக்கணக்காக எண்களைக் கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டை அவருக்கு. வாசல்வரை நடந்துபோய், "பதிமூணு!" என்று ஒரு குரல் கொடுத்தார். வெளியே போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் ஓடிவந்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். "இதுக்கு நானே போதுமே. டாக்டர் இவரைப் பார்த்துட்டு டீ குடிக்கப் போறாரு, பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா கழட்டி எடுத்துட்டுப் போங்க."

கடைசி பெஞ்சில் என் தங்கையும் மாப்பிள்ளையும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை ஓட்டும் புரோகிராமை எழுதியவர்கள் அவர்கள்தான். இந்த வியாபாரத்தில் என் பங்கு வாய் மட்டும். ஏற்கெனவே இரண்டு மருத்துவமனைகள் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் இந்தப் பெட்டி வியாபாரத்தையே மூடிவிட்டுத் தொலைதூர ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்வதாக மாப்பிள்ளை முடிவு செய்திருந்தான். இன்று மாலைக்குள் அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "முதல்ல நான் மட்டும் போறேன்" என்று அவன் சொன்ன நாளிலிருந்து தங்கை அவனோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி, நான் அவனிடம் சொல்லி, அவன் நகர்த்தவேண்டிய நிலை.

அவர்கள் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புரோகிராமுக்கு ஒரு காவல்காரன் வேண்டும். அவன் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். யாராவது பொத்தானைத் தட்டினாலோ, குறித்து வைத்த நேரம் வந்தாலோ எழுந்து, உரியவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவான். ஈவென்ட் லூப் என்கிறார்கள். நல்லவர் யாரோ அதை எழுதி லைப்ரரியாக எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். போன வாரம் அந்த லைப்ரரி இங்குள்ள கணினியில் இல்லாததால் எங்கள் புரோகிராம் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. நிறுவலாமா என்று கேட்டதற்கு, "ஒரே ஃபைல் கொண்டாங்க, ஓட்டுங்க. வேற எதையும் இதுல ஏத்தக் கூடாது" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஆகவே லைப்ரரியின் மூல நிரலையே எங்கள் சி மொழிப் புரோகிராமுக்குள் சேர்த்து ஒரே ஃபைலாக்குவது என்று முடிவாயிற்று. "வீட்டோட மாப்பிள்ளையாக்கிடுறோம்னு சொல்லுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பொத்தான் பகுதி தங்கை எழுதியது. மணிப் பகுதி மாப்பிள்ளை எழுதியது. தனித்தனி அறையில் எழுதி, தனித்தனியாக ஓட்டிப் பார்த்து, இரண்டும் பிரமாதம் என்று என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். காலையில்தான் சேர்த்துக் கட்டினோம். தப்பு இருந்தால் திட்டும் கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

"அண்ணா, டைமரை ஆரம்பிச்சாரான்னு கேளு."

"மச்சான், ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் என் காதை விடுங்க" என்றேன். தங்கையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நிரல் எனக்குப் புரியாது. ஆனால் எதையும் எடை பார்க்காமல் கையில் வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஃபைல் பேருக்குப் பக்கத்தில் இருநூற்று எழுபது கே.பி. என்றிருந்தது.

"மாப்ள, உன் பாதி மட்டும் எவ்வளவு?"

"நூத்தி நாப்பது."

"நீ?"

"நூத்தி முப்பது" என்றாள் தங்கை.

"லைப்ரரி?"

"சுமாரா நூறு இருக்கும்" என்றான் அவன்.

"தனியா ஓட்டினப்போ ரெண்டு பேர்கிட்டயும் லைப்ரரி இருந்திருக்கும்ல? அப்போ உன் சொந்தச் சரக்கு நாப்பது, அவளோடது முப்பது. லைப்ரரி ஒரு நூறு. நூத்தி எழுபதுதானே ஆச்சு? மிச்ச நூறு யாரு மூட்டை?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"உன் பாதியிலயும் சேர்த்துட்டியா?"

"நீங்க சேர்ப்பீங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே!"

"ஒரே பேர்ல ரெண்டு இருந்தா, பாகங்களை ஒட்டுற லிங்கர் கத்தியிருக்குமே?"

"நான் ஸ்டாடிக்னு போட்டிருந்தேன்."

அவன் கொஞ்சம் இறங்கிய குரலில், "நானும்தான்" என்றான்.

எனக்காக அதை விளக்கினார்கள். இருவரும் லைப்ரரியைத் தத்தம் ஃபைலுக்குள் சேர்த்து, ஸ்டாடிக் என்று எழுதி மற்றவர் கண்ணில் படாதபடி பொத்தி வைத்திருக்கிறார்கள். வாசல் ஒன்று, காவல்காரர் இரண்டு பேர். ஓடுகிறவன் தங்கையின் ஆள். இரண்டு நிமிடத்தில் எழுப்பு என்று மாப்பிள்ளை தன் ஆளிடம் சொல்லியிருக்கிறான். அந்த ஆளை வேலைக்கு வா என்று யாருமே கூப்பிடவில்லை.

"சரி, ஒருத்தனை அனுப்புங்க" என்றேன்.

"அவருது பழைய வெர்ஷன்" என்றாள்.

"இவ தேவையில்லாததை எல்லாம் உள்ள வச்சிருப்பா. நான் பார்த்துப் பார்த்துக் கழிச்சிருக்கேன்" என்றான்.

டாக்டரின் டீ தீர்ந்துகொண்டிருந்தது. பேரம் முட்டிக்கொண்டால் இருவர் கையிலிருந்தும் பொருளை வாங்கி நடுவில் வைத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பால்குடி மறக்குமுன் தெரிந்த பாடம். "உன் வீட்லயும் வேணாம், அவ வீட்லயும் வேணாம். லைப்ரரியைத் தனியா மூணாவது ஃபைல்ல உட்கார வைக்க முடியாதா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "அப்படித்தான் வைக்கணும், மச்சான். நாங்க ரெண்டு பேரும் ஹெடரை, அதாவது அதோட பேர்ப் பட்டியலை மட்டும் சேர்த்தாப் போதும்."

"அவ வெர்ஷன், உன் கழிவு. முடிஞ்சுதா?"

தங்கை தட்டினாள். அவன் பக்கத்திலிருந்து, "ஸ்டாடிக்கை எடுத்துடு... ரெண்டு இடத்துலயும்" என்றான். "தெரியும்" என்றாள். அதில் பழைய சூடு இல்லை. சேர்த்துக் கட்டிய புதிய ஃபைலின் எடை நூற்று அறுபத்தெட்டு. அதைக் கொண்டுபோய் இங்குள்ள கணினியில் ஓட்டினோம்.

நர்ஸ் வந்து பொத்தானை அமுக்கினார். பதினான்கு. முதல் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் வில்லிலிருந்து புறப்பட்ட அம்புபோல் எழுந்து உள்ளே போனாள். பதினைந்தும் அப்படியே. பதினாறு எண் மாறுமுன்பே எழுந்து நின்றது. இந்த ஊரில் இவ்வளவு பொறுப்பான மனிதர்களை நான் பார்த்ததேயில்லை. யாராவது தாமதித்தால்தானே மணி அடிக்கும்? பதினேழு யாரென்று தேடினேன். காலில் கட்டோடு ஒருவர்.

"அண்ணே, உங்க நம்பர் வந்ததும் ரெண்டு நிமிஷம் எந்திரிக்காம இருக்கணும்."

"ரெண்டு மணி நேரமா எந்திரிக்காமத்தானே தம்பி இருக்கேன்!"

"அதோட இன்னொரு ரெண்டு நிமிஷம். உள்ள போகும்போது நானே தாங்கிக் கூட்டிட்டுப் போறேன்."

"வரும்போது?"

"வரும்போதும்தான். வண்டி ஏத்திவிடுறவரைக்கும்."

"அப்படின்னா சரி" என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டார். எங்கள் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டியவர்.

பதினேழு விழுந்தது. கூடம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் மேற்கூரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர், "உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்று இடித்தார். "தெரியும், சும்மா இரு" என்றார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையின் விரல்கள் மடிக்கணினியின் ஓரத்தை இறுக்கியிருந்தன.

மணி அடித்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து அழுதது.

நர்ஸ் தன் தொண்டையை ஒருமுறை தடவிக்கொண்டார். "இன்னொரு தடவை அடிக்கட்டும், பார்ப்போம்" என்றார். எனக்குச் சிரிப்பு அப்பாவின் அளவைத் தாண்டிவிட்டது.

"சத்தம் ஜாஸ்தியோ?" என்று மாப்பிள்ளை தங்கையிடம் கேட்டான்.

"குழந்தைங்க வர்ற இடம். கொஞ்சம் குறைங்க."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, பதில் கேட்கும் கம்பெனியாகத்தான் இருக்கும். துணி வழியே நீல வெளிச்சம் தெரிந்தது. தங்கையும் அதைப் பார்த்தாள். அவன் அதை எடுக்கவில்லை; இரண்டு கைகளும் விசைப்பலகையிலேயே இருந்தன. பதினேழாம் எண்காரர் என் தோளில் கைபோட்டு, தன் முழு எடையையும் என்மேல் இறக்கி, ஒற்றைக் காலில் ஒரு தத்துத் தத்தினார்.