மூன்று விரல் உயரம்

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், பிடித்து வைத்த மணல் லாரிகளுக்கும் துருவேறிய ஆட்டோக்களுக்கும் நடுவே வேன் நின்றது. அதன் இடப்பக்கத் தகரம் நடுக்கதவிலிருந்து கடைசி ஜன்னல் வரை உள்வாங்கியிருந்தது. முற்றத்தில் முன்பே மண்டியிருந்த புல் சக்கரங்களை மறைத்தது. அதன் ஓட்டுநர் வின்சென்ட் வேப்பமரத்தடியில், ஏட்டு கைகாட்டிய இடத்தில், எட்டு மணியிலிருந்து குந்தியிருந்தான். வாகன ஆய்வாளர் பத்து மணிக்கு வருவார் என்றார்கள். மணி பதினொன்றரை.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி ரோஸ்மேரி.

"கண்ணத் தொறந்துச்சா?"

"இல்ல. அப்டியேதான் கீது. அவங்கம்மா எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நான் பாட்டுக்கு வெளில ஒக்காந்துக்கினு கீறேன். நீ இன்னா, எதுனா துன்னியா?"

"ம்" என்று பொய் சொல்லி வைத்தான்.

சுபஸ்ரீ அடுத்த தெருப் பெண். தொழிற்சாலை வேலைக்கு வேனில் ஏறும் பதினான்கு பெண்களில் கடைசியாக ஓடிவருபவள். அதனால் எப்போதும் இடப்பக்கக் கடைசி ஜன்னல்தான் அவளுக்கு வாய்க்கும். விபத்து நடந்த நான்கு நாட்களாக நினைவு திரும்பவில்லை. "அந்தப் பொண்ணு பொழைச்சா ஒரு செக்‌ஷன், பொழைக்கலன்னா வேற செக்‌ஷன்" என்று ஏட்டு நேற்று விளக்கியிருந்தார். ரேஷன் கடையில் எந்த அரிசி எந்த அட்டைக்கு என்று சொல்வது போன்ற குரல்.

வின்சென்டின் வாக்குமூலத்தில் வேகம் ஐம்பத்தெட்டு என்றிருந்தது. நேர்ச்சாலையில் முள் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை, வளைவில் நாற்பதுக்கு இறக்கினேன், மழை ஈரத்தில் பின்பக்கம் சறுக்கிக் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. தொழிற்சாலை தன் ஒப்பந்த வேன்களில் பொருத்தியிருந்த ஜி.பி.எஸ். கருவியின் தாளோ அறுபத்தொன்பது என்றது. வேன்கள் அறுபதைத் தாண்டக் கூடாது என்பது தொழிற்சாலையின் விதி. விபத்து நடக்கும்வரை அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

கருவிப்பெட்டியுடன் சகாதேவன் வந்தார். வேன் முதலாளி பூபதியின் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். மரத்தின் மறுபுறம் நின்று, வின்சென்டைப் பார்க்காமல் பீடி பற்றவைத்தார்.

"சகாதேவண்ணே, நீயே சொல்லு. நான் பொய் சொல்ற ஆளா? முள்ளு ஐம்பத்தெட்டுலதான் நின்னுச்சு. ஒண்ணு அந்த மெஷினு பொய், இல்ல எங்கண்ணு பொய்."

சகாதேவன் இரண்டு முறை புகையை விட்டார். "ரெண்டும் இல்லடா."

"பின்ன?"

"நீ தங்கச்சி கொழந்த ஞானஸ்நானத்துக்கு மூணு வாரம் மின்னாடி ரெண்டு நாளு போயிருந்தியே, அப்போ பின் அச்சு கிரௌன் பல்லு பூடுச்சு. உப்புத்தண்ணி. பூபதி பழைய கிரௌனையே எடுத்துப் போடச் சொன்னாரு. போட்டுட்டேன்."

வின்சென்டுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. போன வருட மழைக்காலத்தில் பழவேற்காடு ஏரித்தண்ணீர் அவர்கள் ஊர்த் தோணிரேவுச் சாலையில் முழங்கால் அளவு ஏறியபோது, பூபதி வேனுக்கு லோடு வண்டியின் பெரிய டயர்களை மாட்டச் சொன்னார். வண்டி தண்ணீருக்கு மேல் நின்றது, ஆனால் இழுக்கவில்லை. அதற்காகச் சகாதேவன் பின் அச்சின் பல்சக்கரங்களான கிரௌனையும் பினியனையும் மாற்றினார். நாற்பத்தொன்றுக்குப் பத்து என்றிருந்த பற்கள் முப்பத்தொன்பதுக்கு எட்டாயின. "டயரு பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி கூடத் தூரம் போவும். மீட்டருக்கு அது தெரியாது, அது கியர்பாக்ஸு சுத்தறதத்தான் எண்ணும். இந்தக் கிரௌனு டயர மெதுவாச் சுத்தும். ஒண்ணுக்கொண்ணு சரியாப் பூடும்" என்று அன்று அவரே சொன்னார். வின்சென்ட் அதை வாய்வார்த்தையாக ஏற்றுக்கொள்ளவில்லை. முள்ளை அறுபதில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கிலோமீட்டர் கல்லுக்குக் கல் ஒரு நிமிடம் ஆகிறதா என்று ஐந்து கற்கள் சோதித்தான். சரியாக இருந்தது. அதன்பின் அந்த முள்ளை அவன் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞானஸ்நானத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து வேன் முதல் கியரில் திணறியது. "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றபோது, "பொம்பளைங்க பெருத்துட்டாங்கடா, வண்டி இன்னா பண்ணும்?" என்று பூபதி சிரித்தார். தொழிற்சாலை வாயிலை எட்டு நிமிடம் முன்னதாகத் தொட்டார்கள். "இன்னாண்ணே, ரோஸ்மேரியக்கா அடிச்சுத் தொரத்துதா?" என்று பின்னாலிருந்து கேட்டவள் சுபஸ்ரீதான். எஞ்சினின் சத்தம் மட்டும் மாறவேயில்லை. முள்ளும் காதும் ஒன்றையே சொன்னபோது, மரங்கள் விரைந்து ஓடியதை அவன் கண்ணின் கோளாறு என்று எடுத்துக்கொண்டான். பெரிய டயரோடு பழைய கிரௌன் சேர்ந்ததில், நாற்பது என்று நம்பி நாற்பத்தெட்டில் அந்த வளைவில் திரும்பியிருக்கிறான். தினமும்.

"அப்போ ஆபீசரு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்ல? முள்ளு ஒண்ணு காட்டும், வண்டி ஒண்ணு போவும். இல்லண்ணே?"

சகாதேவன் பீடியை அணைத்தார். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கருவிப்பெட்டியின் கொக்கியைத் திறந்து, மறுபடி மாட்டினார். அவர் நகக்கண்களில் புதுக் கிரீஸ் இருந்தது.

"ஆபீசர் வர்றாரு" என்று எழுந்து போனார்.

ஆய்வாளருடன் பூபதியும் வந்தார். விபத்தன்று வேன் சாலையை மறிக்கிறது என்று சொல்லி அதைத் தன் கொட்டகைக்கு இழுத்துப்போனவர் அவர். மூன்றாம் நாள்தான் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வின்சென்டின் தோளில் கை போட்டார்.

"பயந்துக்காதடா. நான் கீறேன்ல."

வின்சென்ட் ஆய்வாளரிடம் போய், டயரையும் கிரௌனையும் ஒரே மூச்சில் சொன்னான். ஆய்வாளர் குறுக்கிடாமல் கேட்டார். அது அவனுக்குத் தைரியம் தந்தது.

"ஓட்டிப் பாத்துடலாம். நீயும் ஏறு. நீயே முள்ளப் படி" என்றார்.

ஆய்வாளர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். வின்சென்ட் முன்பக்க இடது கதவைத் திறந்து, வழக்கமான உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்தான். கால் படியின் மேல் வெறும் காற்றில் நின்று, பிறகு தொப்பென்று இறங்கியது. படி மூன்று விரல் தாழ்ந்திருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். புல்லுக்குள் சிறிய டயர்கள். பாதி தேய்ந்தவை, சேறு பூசியவை. நெடுநாளாக அங்கேயே இருந்தவை போல.

"சார், டயரு… இது இல்ல சார்."

"ஏறுப்பா, நேரமாவுது."

நிலையத்துக்கு முன்னால் சாலை நேராகப் போனது. ஆய்வாளர் தன் கைப்பேசியைக் கண்ணாடியருகே சாய்த்து வைத்தார். திரையில் எண் ஏறியது.

"படி."

"நாப்பது" என்றான் வின்சென்ட். திரையிலும் நாற்பது.

"ம்."

"அம்பது." திரையிலும் ஐம்பது.

"இப்போ?"

ஐம்பத்தெட்டு. திரையிலும் ஐம்பத்தெட்டு. ஆய்வாளரே எட்டிப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டார்.

முற்றத்தில் இறங்கியதும் வின்சென்ட் சகாதேவனின் கையைப் பிடித்தான். "அண்ணே, சொல்லுண்ணே. நீதான மாட்டுன?"

சகாதேவன் பூபதியைப் பார்க்கவில்லை. பூபதிதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக் கம்பெனி அளவு டயருதான் சார். நான் எதையும் மாத்தல" என்றார் சகாதேவன்.

"வண்டில வர்ற பொம்பளைங்களக் கேளுங்க சார்!"

"அவங்களுக்கு டயர் அளவு தெரியுமாப்பா?"

"அப்போ அந்தத் தாளப் பாருங்க. போன மாசம் எவ்ளோ போயிருக்கேன்னு பாருங்க."

"பத்து நாள் பதிவுதான் நிக்குமாம். பத்து நாளும் அறுபத்தொன்பது. ஒரு நாள் தவறாம." ஆய்வாளர் பேனாவை மூடினார். "ஒரு நாள்னா தப்புன்னு சொல்லலாம். இது பழக்கம்."

ஏட்டு ஓட்டுநர் உரிமத்தை ஒரு பழுப்பு உறையிலிட்டு ஒட்டினார். நாளை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். வாசலைத் தாண்டியவனைக் கூப்பிட்டு, "ரெண்டு செட் துணி எடுத்துக்கினு வா" என்றார்.

பழவேற்காட்டில் பேருந்தைவிட்டு இறங்கி, படகுத்துறை வழியாகத் தோணிரேவுக்கு நடந்தான். தண்ணீர் ஏறியிருந்தது. துறையின் கடைசியில் பூபதியின் படகு. போன வாரம்தான் அதற்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் புது நீலக் கயிற்றில் நான்கு டயர்கள் தொங்கின.

வின்சென்ட் மண்டியிட்டுக் குனிந்தான். இரண்டாவது டயரின் விளிம்பில் மஞ்சள் பொட்டு இருந்தது. வேன் டயரில் காற்றடைக்கும் இடம் இருட்டிலும் தெரிவதற்காக அவன் வைத்த பொட்டு. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். நிமிர்ந்து துறையைப் பார்த்தான். எல்லாப் படகுகளிலும் டயர்கள் தொங்கின. படத்தை மீண்டும் பார்த்தான். படகில் கட்டிய நான்கு டயர்கள்.

இயந்திரப் படகொன்று கடந்துபோக, அலை வந்தது. துறைச் சுவருக்கும் படகுக்கும் நடுவே டயர்கள் நசுங்கி, உள்ளிருந்த தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு மறுபடி விரிந்தன. பச்சை வண்ணத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.