தங்கத் தாழ்ப்பாள் முடிகிற நாள்

வாடகைப் பெட்டி கொண்டுவந்த செல்வம் டிவியின் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அதே இடத்தில் ஐஸ் பெட்டியின் தடித்த பிளக்கைச் சொருகினான். பெட்டி ஒருமுறை குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது. கண்ணாடி மூடிக்குள் அருள்சாமி சலவை வேட்டியும் கையில் சுற்றிய ஜெபமாலையுமாக, கடைசி டிரிப் முடித்த கண்டக்டரைப் போல நிம்மதியாகப் படுத்திருந்தார். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்தான். விடியற்காலையில் தூக்கத்திலேயே, யாரையும் எழுப்பாமல் இறங்கிப் போய்விட்டார்.

"பழைய லைனு அக்கா. இந்த ஒரு பிளக்குதான் தாங்கும்" என்றான் செல்வம். "பெட்டி ஓடுற வரைக்கும் லைட்டு, ஃபேன் தவிர வேற எதையும் போட்டுறாதீக."

"டிவியுமா?"

கேட்டுவிட்டுத்தான் ஆரோக்கிய ஷீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனார் செத்துக் கிடக்கும்போது மருமகள் கேட்கிற கேள்வியா இது? பக்கத்தில் நின்ற நாத்தனார் ரீனா திரும்பிப் பார்த்த பார்வையில் ஐஸ் பெட்டியே தோற்றுவிடும்.

செல்வம் அதைக் கண்டுகொள்ளவில்லை. "கரண்டு போனா மட்டும் பயப்படாதீக. மூடியைத் தொறக்காம இருந்தா ஒரு மணி நேரம் குளிர் அப்படியே நிக்கும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அருள்சாமியின் மனைவி வியாகுலம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ரொம்பக் குளிருமாப்பா?"

"சும்மா கிர்ருன்னு இருக்கும் ஆத்தா" என்றான் அவன் பெருமையாக.

"ஐயோ. அவுகளுக்கு ஃபேனை ஒண்ணுல வச்சாலே ஆகாதே."

அதுதான் ஆரம்பம். செல்வம் வண்டியை எடுப்பதற்குள் வியாகுலம்மாள் உள்ளே போய் ஒரு துப்பட்டியை எடுத்துவந்து கண்ணாடிமேல் போர்த்திவிட்டாள். "அம்மா, வாரவுக மொகம் பாக்க வேணாமா?" என்று ரீனா அதை எடுத்து மடித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் துப்பட்டி மறுபடியும் பெட்டியின் மேல் இருந்தது. பகல் முழுக்க அம்மாவும் மகளும் போர்த்துவதும் எடுப்பதுமாக இருந்தார்கள்.

ஷீலா அழவில்லை. அழ நேரமும் இல்லை. புருஷன் அருண் ஜோசப் துபாயிலிருந்து மறுநாள் காலைதான் வந்து சேர்வான். கோயிலுக்குச் சொல்லி மணி அடிக்க வைத்தது, பந்தல்காரனைக் கூப்பிட்டது, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டது, வருகிறவர்களுக்குக் காபி என்று எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் எந்த வேலையைச் செய்தாலும் ஒரே யோசனைதான் அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஏழரைக்கு 'தங்கத் தாழ்ப்பாள்' கடைசிப் பகுதி.

சீரியல் பைத்தியம் என்று யாரும் அவளை நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமனாரிடம் பேச அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிடுறீகளா மாமா?", "ம்." அதோடு சரி. அப்புறம் 'தங்கத் தாழ்ப்பாள்' வந்தது. கோமளவல்லி என்று ஒரு மாமியார், வெண்ணிலா என்று ஒரு மருமகள், மாமியார் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. முதல் வாரமே கோமளவல்லி வெண்ணிலாவைப் பட்டினி போட்டாள். "இவல்லாம் மனுசியா" என்று ஷீலா தன்னை மறந்து சொல்லிவிட, நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "அவ நல்லவதாம்மா. சந்தர்ப்பம் அவளை அப்படி ஆக்கிருச்சு."

அன்றைக்குத் தொடங்கிய சண்டை ஏழு வருஷமாக ஓயவில்லை. கோமளவல்லி விஷம் வைத்தாள், அருள்சாமி விட்டுக்கொடுக்கவில்லை. மகனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தாள், அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஷீலா பிரசவத்துக்குக் காளையார்கோவிலில் தாய்வீட்டில் இருந்தபோது ஏழரை அடித்ததும் போன் செய்வார். இரண்டு வீட்டிலும் டிவி ஓடும், போனும் காதில் இருக்கும், விளம்பரம் வந்தால்தான் பேச்சு. ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். செல்போனில் காலையிலேயே வந்துவிடும் பகுதியைக்கூட அவள் தொட்டதில்லை.

நேற்று ராத்திரி சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி கோமளவல்லி வாசலில் வந்து நின்றாள். 'நாளை இறுதிப் பகுதி' என்று டிவியில் போட்டான்.

"நாளைக்கு சாவியை மருமக கையில கொடுப்பா, பாரு" என்றார் அருள்சாமி.

"கொடுக்க மாட்டா மாமா. கெணத்துல வேணாப் போடுவா."

"பந்தயம். தோத்தவுக எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லணும்."

"நீங்க சொல்லுவீகளா?"

"கண்டக்டர் வார்த்தை மாறாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தப் பந்தயம் இப்போது நடு ஹாலில் ஐஸ் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. இந்தக் கடைசிப் பகுதியை அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். நாளைக்கு இந்நேரம் அவர் மண்ணுக்குள் போய்விடுவார். அப்புறம் செல்போனில் பார்த்து என்ன, பார்க்காமல் விட்டால் என்ன?

வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. உள்ளே நுழைந்து, அழுது, மாலை போட்டு, மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால் எதிரே சுவரில் கறுப்பாகத் தொங்கும் டிவிதான். எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி அதையும் பார்த்தாள், கீழே கிடந்த பிளக்கையும் பார்த்தாள், ஷீலாவின் காதோரம் குனிந்தாள்.

"நேத்து வரைக்கும் பாத்தாகளா?"

"பாத்தாக."

"பாவம். இன்னொரு நாள் இருந்திருக்கலாம்" என்று புஷ்பவள்ளி மறுபடி அழத் தொடங்கினாள். இரண்டாவது அழுகைதான் உருக்கமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஷீலா துணிந்து ரீனாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். ரீனா சிங்கம்புணரியில் டீச்சர். வீட்டிலும் கையில் பிரம்பு இருப்பதுபோலத்தான் பேசுவாள்.

"மதினி, ஒரு அரை மணி நேரம் டிவி போட்டுக்கலாமா?"

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? சாவு வீட்டுல டிவியா? ஊரு சிரிக்காது?"

"மாமாவுக்காகத்தான் மதினி. கோமளவல்லி சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து வாசல்ல நிக்கிறா. கொடுக்கிறாளா இல்லையான்னு..."

"அவ எங்க கையெழுத்துப் போட்டா? கைநாட்டுல்ல வச்சா" என்றாள் ரீனா வெடுக்கென்று. "கையில கட்டு இருக்கில்ல?"

ஷீலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பால் பொங்கி வந்தது. ரீனா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பக்கத்து வீட்டுல ஓடும். காதுல விழும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஆனாலும் டிவி கூடாது என்பது கூடாதுதான்.

ஏழு மணிக்குத் தெருவின் கோயில் குழுவான அன்பியத்தார் ஜெபமாலை சொல்ல வந்தார்கள். முன்னால் உட்கார்ந்து சொல்லுகிறவர் ஆன்றோ. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு மணியையும் தடவித் தடவிச் சொல்லுவார். ஜெபமாலை முடிந்ததும் ஒரு பாட்டு, அதற்கப்புறம் சொந்தமாக ஒரு ஜெபம், அதில் அந்தச் செக்காலைப் பகுதியில் உள்ள எல்லாருடைய சர்க்கரை வியாதியும் வரும். இன்றைக்கு என்னவோ பரிசுத்த ஆவி அவருக்குள் புகுந்து விரட்டியது. அவர் ஒரு மந்திரத்தைப் பாதி சொல்வதற்குள் கூட்டம் மீதியைச் சொல்லி முடித்தது. ஜெபமாலையின் துக்க தேவ இரகசியங்கள் ஐந்தும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸாக, நிறுத்தத்தில் நிற்காமல் போயின. அருள்சாமி இருந்திருந்தால் விசில் கொடுத்து நிறுத்தியிருப்பார்.

"பாட்டை நாளைக்கு அடக்கத்துல பாடிக்கலாம்" என்று ஆன்றோ சிலுவை போட்டு முடித்தார். கடிகாரத்தில் ஏழரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

முடிந்ததும் எழுந்து போவதுதான் வழக்கம். ஒருவரும் எழவில்லை. ஆன்றோ ஜெபமாலையைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஷீலா தரையில் கிடந்த டிவி பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம்தான், ஆனால் இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அதைத் தொட அவளால் முடியவில்லை. 'மன்னிச்சிருங்க மாமா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போது வியாகுலம்மாள் எழுந்தாள். துப்பட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று ரீனா நினைத்தாள். அவளோ நேரே சுவர்ப்பக்கம் போய், சுவிட்சைத் தட்டி, ஐஸ் பெட்டியின் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டாள். உறுமல் நின்றது.

"அம்மா! என்ன செய்யுறீக?"

"அந்தத் தம்பிதான் சொல்லுச்சுல்ல, ஒரு மணி நேரம் தாங்கும்னு. காலையில இருந்து குளிருல கெடக்குறாக. அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும்."

ஏழு வருஷத்தில் ஒருநாளும் அந்த சீரியலை அவள் பார்த்ததில்லை. ஏழரை அடித்தால் அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறவள். இன்றைக்கும் டிவியை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிடுங்கிய பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியோரம் உட்கார்ந்தாள்.

"அந்த ஓட்டை சும்மாத்தானடி கெடக்கு" என்றாள் ஷீலாவிடம். "போடு. அவுக முழிச்சிக்கிட்டுக் கெடக்கப் போறாக."

எல்லாரும் ரீனாவைப் பார்த்தார்கள். ரீனா ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியை டிவிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

ஷீலா டிவி பிளக்கைச் சொருகினாள், சீரியலின் பாட்டு வந்தது. சாவு வீடு என்ற நினைப்பு முதல் விளம்பரம் வரைதான் நின்றது. "குடுத்துத் தொலையேண்டி" என்று புஷ்பவள்ளி கத்தினாள். "பேசாம இருங்க, காதுல விழல" என்றாள் ரீனா. கோமளவல்லி கிணற்றடிக்கு நடந்தபோது ஆன்றோ தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். ஷீலா கண்ணாடியில் கை வைத்தபடி, "பாத்தீகளா, கெணத்துக்குத்தான் போறா" என்று ரகசியமாகச் சொன்னாள்.

கோமளவல்லி கிணற்றடியில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, வெண்ணிலாவின் இடுப்பில் சாவிக்கொத்தைத் தானே சொருகிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள்.

ஹாலே கைதட்டியது. தட்டிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து ஆளாளுக்குக் கையைத் தொங்கப் போட்டார்கள்.

ஷீலா எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். பந்தயம் பந்தயம்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி மாமா" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "குடுத்துட்டா."

பதிலுக்கு ஒரு கனைப்பு வரும், 'நான் சொல்லல?' என்று நாற்காலியை ஆட்டுவார் என்று அவள் காது ஒரு நொடி காத்திருந்தது. எதுவும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பகல் முழுக்க எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது. கண்ணாடிமேல் கவிழ்ந்து அவள் அழ, ரீனா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

கொஞ்சம் ஓய்ந்ததும் ரீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் கை நீட்டினாள். "பிளக்கைத் தாங்கம்மா. முடிஞ்சிருச்சு."

வியாகுலம்மாள் தரவில்லை. டிவியில் யாரோ சிரித்துக்கொண்டே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் இருந்த பிளக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"இந்த விளம்பரமும் முடியட்டும்."